பேக்கிங் புதிது, கசிவு பழையது: சின்ன என்ஜினில் எண்ணெய் ஒழுகாமல் மூடி பூட்டுவது எப்படி

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் கரையேறியபோது, பட்டுக்கோட்டையைச் சுற்றித் தென்னைகளும் மின்கம்பங்களும் சேர்ந்தே சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அந்த நாட்களில் என் பட்டறை வாசலில் ஜெனரேட்டர்களும் தண்ணீர் பம்புகளும் மரம் அறுக்கும் இயந்திரங்களும் வரிசை கட்டி நின்றன. பாதிக்கு மேல், பல வருடங்களாக மோட்டார் கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடந்தவை. கயிற்றை இழுத்தால் கிளம்பின. அரைமணி நேரம் ஓடியதும் அடியில் எண்ணெய் சொட்டியது. காய்ந்து சுருங்கிப்போன பேக்கிங் வேறு என்ன செய்யும்?

மூடியும் என்ஜினும் சேரும் இரண்டு முகங்களுக்கு நடுவே, எண்ணெய் ஒழுகாமல் இருக்க வைக்கும் மெல்லிய தாள் இது. புத்தகத்தில் கேஸ்கெட் என்று இருப்பதைத்தான் பட்டறையில் பேக்கிங் என்கிறோம். அந்த வாரம் புதிய பேக்கிங் எங்கும் கிடைக்கவில்லை. உதிரிபாகக் கடைகள் பூட்டியிருந்தன, பார்சல் வரவில்லை. கையில் சிலிக்கான் பசை மட்டும் இருந்தது. பழுதுக்கு வந்த என்ஜின்களுக்கும் பைக்குகளுக்கும் அதைத் தாராளமாகப் பூசி அனுப்பினேன். அதில் ஒரு 100 சிசி பைக் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. கசிவு இல்லை, ஆனால் என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டிலிருந்து கடகடவென்று சத்தம். கிளட்ச் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நான் பூசிய பசை உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, பிய்ந்து, சேமியா போல எண்ணெய் வடிகட்டி வலையில் சுற்றிக் கிடந்தது. மேலே எண்ணெய் ஏறாமல், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் சாஃப்ட் தேய்ந்துவிட்டது. புதிய கேம் சாஃப்ட்டை என் பணத்தில் வாங்கிப் போட்டேன். தேய்ந்ததை இன்றும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். வேலை பழக வரும் பையன்களுக்கு முதல் நாள் நான் காட்டுவது அதைத்தான்.

அதன் பிறகு என் முறையை மாற்றிக்கொண்டேன். மூடி பூட்டும் வேலை ஒரு மணி நேரம் என்றால், அதில் முக்கால் மணி நேரம் பேக்கிங்கைக் கையில் எடுப்பதற்கு முன்பே போய்விடும். கசிவு நிற்பதும் நிற்காததும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் முடிவாகிறது.

எங்கள் பக்கம் தண்ணீர் பம்பிலும் ஜெனரேட்டரிலும் அதிகம் பார்க்கக்கூடிய 163 சிசி பெட்ரோல் என்ஜினை, அதாவது ஹோண்டா ஜிஎக்ஸ்160 வகையை, எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். மற்ற என்ஜின்களுக்கும் முறை இதுதான். முறுக்கு அளவுகளை மட்டும் அந்தந்த என்ஜினின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கசிவது பேக்கிங்தானா?

மூடியைக் கழற்றுவதற்கு முன் இதை உறுதி செய்யுங்கள். எண்ணெய் கீழே இறங்கும், விசிறிக் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும். சொட்டுகிற இடம் ஒன்று, கசிகிற இடம் வேறொன்று. என்ஜினை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பிறகு குழந்தைகளுக்குப் பூசும் பவுடரைச் சந்தேகப்படும் இடங்களில் மெல்லிதாகத் தூவிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். வெள்ளைப் பவுடரில் முதலில் எங்கே கறுத்த கோடு விழுகிறதோ, அதன் மேல்முனைதான் ஊற்றுக்கண்.

அது பேக்கிங் ஓரமாக இல்லாமல் போகலாம். வடிகால் போல்ட்டின் வாஷராக இருக்கலாம், எண்ணெய் ஊற்றும் மூடியின் ரப்பர் வளையமாக இருக்கலாம். சாஃப்ட்டைச் சுற்றி வட்டமாக நனைந்திருந்தால் ஆயில் சீல், அதாவது சாஃப்ட் வெளியே வரும் துளையை அடைக்கும் ரப்பர் வளையம். இவற்றுக்காக என்ஜினின் பக்கமூடி முழுவதையும் கழற்றிப் பேக்கிங் மாற்றி, கசிவு அப்படியே இருக்க, பேக்கிங்கைக் குறை சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது, எண்ணெயின் அளவு. இந்த என்ஜினுக்குத் தேவை 0.6 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வரப்பில் சாய்வாக வைத்து ஊற்றினால் அளவு தவறிவிடும். சமதளத்தில் வைத்து, அளவுக்குச்சியைத் திருகாமல், வெறுமனே செருகிப் பார்க்க வேண்டும். எண்ணெய் அளவுக்கு மேல் இருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாடையும் அடித்தால், கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக அடைக்காமல் பெட்ரோல் உள்ளே இறங்குகிறது என்று பொருள். நீர்த்துப்போன எண்ணெய் எந்த இடுக்கிலும் நுழையும். அதைச் சரிசெய்யாமல் பேக்கிங் மாற்றிப் பயனில்லை.

இரண்டாவது, மூச்சுக்குழாய். பிஸ்டன் கீழே வரும்போதெல்லாம் கிராங்க் கேஸுக்குள், அதாவது எண்ணெய் நிற்கும் அடிக்கூட்டுக்குள், இருக்கும் காற்று நெருக்கப்படுகிறது. வளையங்களைத் தாண்டி வரும் புகையும் அதோடு சேர்கிறது. அது வெளியேறத்தான் வால்வு மூடியிலிருந்து ஏர் ஃபில்டர் பக்கம் ஒரு ரப்பர் குழாய் போகிறது. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெயைப் பேக்கிங் வழியாகவும் சீல் வழியாகவும் வெளியே தள்ளும். ஒரு பம்பு என்ஜின் இரண்டு முறை பேக்கிங் மாற்றிய பிறகும் கசிகிறது என்று என்னிடம் வந்தது. குழாயைக் கழற்றி ஊதினேன், காற்று போகவில்லை. சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தினால் செம்மண் உதிர்ந்தது. உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. கம்பியால் கிளறிச் சுத்தம் செய்து மாட்டினேன். பழைய பேக்கிங்கோடே கசிவு நின்றுவிட்டது. கொட்டகையில் வெகுநாள் கிடந்த என்ஜின் என்றால் நான் முதலில் கழற்றுவது இந்தக் குழாயைத்தான்.

கழற்றும்போதே கவனிக்க வேண்டியவை

எண்ணெயை வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்துவிடுங்கள். பெட்ரோல் குழாயை மூடுங்கள், ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கி ஒதுக்கி வையுங்கள். பம்பையோ டைனமோவையோ பிரித்த பிறகு பக்கமூடி தெரியும். மூடியைத் தொடுவதற்கு முன் சாஃப்ட்டில் துரு, பெயின்ட், சாவிக்குழியின் ஓரப் பிசிறு எதுவும் இல்லாமல் மெல்லிய எமரித் தாளால் தேய்த்துவிடுங்கள். மூடி வெளியே வரும்போது ஆயில் சீலின் உதடு அந்தத் துருவின்மேல்தான் உரசிக்கொண்டு வரும்.

மூடியில் ஆறு போல்ட்டுகள். எல்லாவற்றையும் கால் சுற்று, அரைச் சுற்று என்று மாற்றி மாற்றித் தளர்த்திய பிறகு கழற்றுங்கள். ஒரே போல்ட்டை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால், மீதிப் போல்ட்டுகளின் இழுப்பில் மெல்லிய அலுமினிய மூடி வளையும். பைக் கிளட்ச் மூடி என்றால் போல்ட்டுகளின் நீளமும் வெவ்வேறாக இருக்கும். புதிய பேக்கிங் வந்த அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, துளையிட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். நீளமான போல்ட் குட்டைத் துளையில் போனால் அடிமுட்டி நின்றுவிடும். இறுகியது போலக் கைக்குத் தெரியும், மூடியோ இறுகியிருக்காது.

போல்ட் எடுத்த பிறகும் மூடி வராது, ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கேதான் எல்லோருடைய கையும் ஸ்குரூ டிரைவரைத் தேடும். தயவுசெய்து வேண்டாம். இரண்டு முகங்களுக்கு நடுவே இரும்பு முனையைச் செருகி நெம்பினால், அந்தக் கீறல் வழியாகத்தான் இனி என்றென்றைக்கும் எண்ணெய் வரும். ரப்பர் சுத்தியலாலோ மரக்கட்டையை வைத்தோ மூடியின் தடித்த ஓரங்களைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். நேரம் எடுத்தாலும் வந்துவிடும். வரும்போது கேம் சாஃப்ட் கூடவே நழுவி வரக்கூடும். வந்துவிட்டால், திரும்பப் போடும்போது கிராங்க் பல்சக்கரத்தின் புள்ளியும் கேம் பல்சக்கரத்தின் புள்ளியும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். இடம் காட்டும் குழல் பின்கள் இரண்டும் எந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டன என்று பார்த்துக்கொள்ளுங்கள். கை துடைக்கும் பனியன் வேஸ்ட்டோடு சேர்ந்து குப்பைக்குப் போவது பெரும்பாலும் அவைதான்.

முகத்தைத் தயார் செய்வது

பழைய பேக்கிங்கைக் காய்ந்த நிலையில் சுரண்டக் கூடாது. பழைய என்ஜின்களின் பேக்கிங்கில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது. எனவே காற்றடித்து ஊதாதீர்கள், எமரி சக்கரம் வைக்காதீர்கள். தின்னரில் நனைத்த துணியைப் பேக்கிங்மேல் போர்த்திப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ஊறிய பேக்கிங் தோல் போல உரியும். கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது. சுரண்டத் தொடங்கும் முன் கிராங்க் கேஸின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள்.

சுரண்டுவதற்கு நான் வைத்திருப்பது ஒரு பித்தளைத் தகடு. முனையை மட்டும் அரத்தால் சாய்வாகத் தேய்த்திருக்கிறேன். அது இல்லையென்றால் கூராகச் சீவிய மூங்கில் துண்டு போதும். இரும்பு உளியோ ரம்பத் தகடோ அலுமினியத்தைக் கீறிவிடும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி, சுரண்டி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரல்நகத்தை முகத்தின்மேல் மெல்ல ஓட்டிப் பார்ப்பார். கண் ஏமாறும், நகம் ஏமாறாது என்பார். நகம் எங்கே தட்டுகிறதோ அங்கே இன்னும் பழைய பேக்கிங் மிச்சம் இருக்கிறது, அல்லது பள்ளம் இருக்கிறது, அல்லது மேடு இருக்கிறது.

இந்த மேடு பெரும்பாலும் போல்ட் துளையைச் சுற்றித்தான் இருக்கும். முன்பு யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள். போல்ட் தன் மரையை மேல்நோக்கி இழுத்துக்கொண்டு வந்து, துளையின் வாயைச் சுற்றி மோதிரம் போல ஒரு விளிம்பை எழுப்பியிருக்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. அந்த விளிம்பின்மேல் மூடி உட்கார்ந்தால், துளைக்குப் பக்கத்தில் மட்டும் பேக்கிங் நசுங்கும், இரண்டு துளைகளுக்கு நடுவே தளர்வாக நிற்கும். கசிவும் அந்த நடுப்பகுதியில்தான் வரும். உடனே நாம் என்ன செய்கிறோம்? இன்னும் முறுக்குகிறோம். விளிம்பு இன்னும் எழும்புகிறது. பேக்கிங்கை நாலு முறை மாற்றியும் நிற்காத கசிவுகள் பலவற்றுக்கு இதுதான் காரணம் என்று என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். மருந்து எளிது. துளையைவிடப் பெரிய ட்ரில் பிட் ஒன்றைக் கையில் பிடித்து, துளையின் வாயில் வைத்து இரண்டு சுற்று சுற்றுங்கள். மெல்லிய வெள்ளிச் சுருள் ஒன்று வரும். விளிம்பு போய், வாய் இலேசாகச் சரிந்திருக்கும். மெஷினில் மாட்டி ஓட்டாதீர்கள், கை போதும்.

அடுத்து, மூடி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். தடிமனான கண்ணாடித் துண்டு ஒன்று வாங்கி வையுங்கள். கண்ணாடிக் கடையில் வெட்டிய மிச்சமே கிடைக்கும். குழல் பின்களை எடுத்துவிட்டு, மூடியைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து நான்கு மூலையிலும் விரலால் அழுத்துங்கள். ஆடினால் வளைவு. இடுக்கை அளக்கும் ஃபீலர் கேஜின் 0.05 மில்லிமீட்டர் தகடு எங்கும் நுழையவில்லை என்றால் கவலை வேண்டாம். 0.10 நுழைந்தால் அப்படியே பூட்டக் கூடாது.

இந்த அளவு வளைவைப் பட்டறையிலேயே எடுத்துவிடலாம். மூடியின் முகம் முழுவதும் நீல மார்க்கர் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். கண்ணாடிமேல் 400 நம்பர் நீர் எமரித் தாளை விரித்து, சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, மூடியை எட்டு எழுதுவது போலத் தேயுங்கள். அழுத்த வேண்டாம், மூடியின் எடையே போதும். ஒரு நிமிடம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். மேடான இடங்களில் கோடு அழிந்து அலுமினியம் பளிச்சென்று தெரியும், பள்ளத்தில் நீலம் அப்படியே நிற்கும். அந்த நீலம் சுருங்கிச் சுருங்கிக் கடைசிக் கோடும் மறையும்வரை தேயுங்கள். பிறகு மூடியைச் சோப்புத் தண்ணீரில் பல் துலக்கும் பிரஷ் வைத்துக் கழுவுங்கள். பேரிங் குழி, எண்ணெய்த் துளை எதிலும் எமரித் தூள் தங்கக் கூடாது. ஒரு துகள் தங்கினாலும் பேரிங் பேசத் தொடங்கிவிடும்.

கடைசியாக, போல்ட் துளைகளின் உள்பக்கம். காது சுத்தம் செய்யும் பஞ்சுக்குச்சியை ஒவ்வொரு துளைக்குள்ளும் விட்டு எடுங்கள். அடியில் எண்ணெய் தேங்கியிருந்தால், உள்ளே போகும் போல்ட் அந்த எண்ணெயை நெருக்கும். எண்ணெய் நசுங்காது. போல்ட் பாதியில் நின்றுவிடும், அல்லது துளையின் சுவர் பிளக்கும். இதற்காக ஐந்து நிமிடம் செலவிட நான் தயங்குவதே இல்லை. மரை கழன்ற துளை இருந்தால் அதையும் இப்போதே பாருங்கள். துளைக்குள் புது மரையாக அமரும் கம்பிச் சுருளான ஹெலிகாயில் போடுவதுதான் சரியான வைத்தியம். நூல் சுற்றி, டேப் சுற்றி முறுக்கிய போல்ட் அழுத்தம் தராது.

பேக்கிங்கும் பசையும்

கடையில் வாங்கும் பேக்கிங்கை முதலில் வெறும் முகத்தின்மேல் வைத்துப் பாருங்கள். எல்லாத் துளைகளும் ஒத்து வருகின்றனவா, எண்ணெய் திரும்பும் வழி எதையாவது அடைக்கிறதா? கோடையில் கடை அலமாரியில் காய்ந்த காகிதப் பேக்கிங் சுருங்கி, துளைகள் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். அதை இழுத்துப் பிடித்து மாட்டினால் கிழியும். வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் போட்டுவிட்டு, துணியில் ஒற்றி எடுத்தால் பழைய அளவுக்கு விரிந்து வரும்.

பேக்கிங் கிடைக்காதபோது ஷீட் வாங்கி வெட்டலாம். தடிமன் முக்கியம். பழைய பேக்கிங்கில் போல்ட்டின் அழுத்தம் படாத ஒரு ஓரத்தை அளந்து அதே தடிமன் வாங்குங்கள். பக்கமூடியின் பேக்கிங் தடிமன் மாறினால் சில என்ஜின்களில் சாஃப்ட்டின் முன்பின் ஆட்டமே மாறிவிடும். சிலிண்டருக்கு அடியில் போடும் பேக்கிங் மாறினால் கம்ப்ரஷன் மாறும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிப் போட்டதை எத்தனையோ முறை கழற்றியிருக்கிறேன். அது எண்ணெயைத் திரி போல உறிஞ்சி, வெளி ஓரத்தில் வியர்த்துக்கொண்டே இருக்கும்.

வெட்டும்போது துளைகளை முதலில் போடுங்கள், ஓரத்தைப் பிறகு வெட்டுங்கள். மூடியின் முகத்தில் எண்ணெயை விரலால் இலேசாகத் தடவி ஷீட்டின்மேல் அழுத்தினால் அச்சு விழும். துளைகளுக்குப் பஞ்ச் வையுங்கள். இரண்டு துளைகளில் போல்ட்டைச் செருகி, அசையாமல் நிறுத்திக்கொண்டு, மற்றவற்றைச் சரிபார்த்து, கடைசியில் கத்தரிக்கோல். மூடியின் விளிம்பிலேயே ஷீட்டை வைத்துச் சுத்தியலால் தட்டி வெட்டும் பழைய வழக்கம் வார்ப்பிரும்புக்குச் சரி. அலுமினிய விளிம்பை அது மழுங்கடித்துவிடும்.

பசை பற்றிப் பலரும் கேட்கிறார்கள். காகிதப் பேக்கிங்குக்குப் பசை வேண்டாம். முகம் சரியாக இருந்தால் அது உலர்ந்த நிலையிலேயே பிடிக்கும். அடுத்த முறை எளிதாக உரிய வேண்டும் என்றால் ஒரு பக்கம் மட்டும் கிரீஸை விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் தேய்த்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் சிலிக்கான் பூசினால், போல்ட் இறுகும்போது பேக்கிங் வழுக்கி உள்ளேயோ வெளியேயோ பிதுங்கும். பிறகு அந்த இடத்தில் பேக்கிங்கே இருக்காது.

சிலிக்கானுக்கு ஒரு நியாயமான இடம் உண்டு. பைக் என்ஜினின் இரண்டு பாதிக் கூடுகள் சேரும் கோடு, கிளட்ச் மூடியின் பேக்கிங்குக்குக் கீழே வந்து முட்டும். அந்தச் சந்தியில் ஓர் அரிசி மணி அளவு வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தயாரித்தவர்களே பேக்கிங் இல்லாமல் பசை மட்டும் போட்டுப் பூட்டிய முகம் என்றால், இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் அறுபடாத ஒரே கோடு, போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாக. பத்து நிமிடத்துக்குள் மூடிப் பூட்டி, ஓர் இரவு விட்டு, மறுநாள் எண்ணெய் ஊற்றுங்கள். காய்வதற்குள் எண்ணெய் பட்டால் அது பிடிக்காது. கார்புரேட்டர் பக்கம் சிலிக்கானே ஆகாது. பெட்ரோலில் ஊறி உப்பிப் பிய்ந்து, பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும்.

வடிகால் போல்ட்டின் வாஷரையும் மறக்காதீர்கள். அலுமினிய வாஷர் என்றால் புதிது போடுங்கள். செம்பு வாஷர் என்றால் இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். மறுபடி மெத்தென்று ஆகிவிடும்.

பூட்டுவது

மூடி கழன்றிருக்கும்போதே ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. சுருள்வில் தெரியும் பக்கம் உள்நோக்கி, எண்ணெயைப் பார்த்திருக்க வேண்டும். சாஃப்ட்டின் மரைமேலும் சாவிக்குழிமேலும் செல்லோடேப் ஒரு சுற்று சுற்றி, அதன்மேல் எண்ணெய் தடவுங்கள். சீலின் உதடு கிழியாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். மூடி உட்கார்ந்ததும் டேப்பை உரித்துவிடலாம்.

இரண்டு முகங்களையும் தின்னர் நனைத்த புதுத் துணியால் கடைசியாக ஒருமுறை துடையுங்கள். துடைத்த பிறகு விரல் படக் கூடாது. குழல் பின்கள், அதன்மேல் பேக்கிங், அதன்மேல் மூடி. மூடியை நேராக இறக்குங்கள். அது தானாகப் பேக்கிங்கைத் தொடும்வரை போக வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி நின்றால் உள்ளே வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரோ கேம் சாஃப்ட் முனையோ இடத்தில் இல்லை. போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், மூடி விண்டுவிடும். திரும்பத் தூக்கி, சரிபார்த்து இறக்குங்கள்.

ஆறு போல்ட்டையும் விரலால் திருகுங்கள். பிறகு நட்சத்திரம் வரைவது போல எதிரெதிராக, மூன்று சுற்றாக முறுக்குங்கள். முறுக்கு அளவு முதல் சுற்றில் 10 நியூட்டன் மீட்டர், அடுத்து 18, கடைசியில் 24. இந்த என்ஜினின் 8 மில்லிமீட்டர் பக்கமூடி போல்ட்டுக்கு 24தான் முடிவு. பைக் கிளட்ச் மூடியில் வரும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவே.

முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையா? மீன் கடையிலும் பழைய பேப்பர் கடையிலும் தொங்கவிடும் கொக்கித் தராசு போதும். ஸ்பேனரில் போல்ட்டின் மையத்திலிருந்து சரியாக 20 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கோடு போடுங்கள். அங்கே தராசின் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 12 கிலோ 200 கிராம் காட்டும்போது போல்ட்டில் 24 நியூட்டன் மீட்டர் ஏறியிருக்கும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 15 சென்டிமீட்டரில் 6 கிலோ 800 கிராம். முதல்முறை செய்து பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: "இவ்வளவு இலேசாகவா?" ஆமாம், அவ்வளவு இலேசாகத்தான். என்னிடம் வேலை பழகும் பையன், "அண்ணே, இன்னும் கால் சுற்றுப் போட்டுவிடட்டுமா, பயமாக இருக்கிறது" என்று கேட்பான். அந்தக் கால் சுற்றுதான் துளையின் வாயில் மோதிரத்தை எழுப்புகிறது.

ஓட்டிப் பார்ப்பது

சமதளத்தில் வைத்து எண்ணெயை அளவாக ஊற்றுங்கள். கயிற்றை மெதுவாக நாலைந்து முறை இழுத்து, தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகு பிளக் வயரை மாட்டுங்கள். சுமையில்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். மூடியின் ஓரத்தைத் துடைத்து, பவுடர் தூவி, பம்பை மாட்டித் தண்ணீர் இறைக்கவிட்டுக் கால்மணி நேரம் ஓட்டுங்கள். என்ஜின் முழுச் சூடு ஏறும்போதுதான் எண்ணெய் இளகும், உண்மையான சோதனை அப்போதுதான்.

சூடாக இருக்கும்போது போல்ட்டைத் தொடாதீர்கள். இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் அதே அளவுக்கு ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். காகிதப் பேக்கிங் முதல் சூட்டில் சற்று அமுங்கும், அதனால் ஒன்றிரண்டு போல்ட்டுகள் கொஞ்சம் இடம் கொடுக்கும். பசை மட்டும் போட்டுப் பூட்டிய முகத்தை இப்படி மறுபடி முறுக்கக் கூடாது, காய்ந்த பசை விரிசல் விடும்.

ஆறவிடும் அந்த இரவு, என்ஜினுக்கு அடியில் பழைய நாளிதழ் ஒன்றை விரித்து, என்ஜினின் கால்கள் நான்கையும் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வைப்பேன். காலையில் தாளில் புள்ளி இருந்தால், கோட்டை வைத்து அது எந்த இடத்துக்கு நேர் கீழே விழுந்தது என்று தெரிந்துவிடும். வடிகால் போல்ட்டுக்குக் கீழே என்றால் வாஷர். சாஃப்ட்டுக்குக் கீழே என்றால் சீலின் உதடு. இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே என்றால் நான் எங்கோ நகத்தை ஓட்டிப் பார்க்கத் தவறியிருக்கிறேன், மூடியைத் திரும்பக் கழற்ற வேண்டியதுதான். தாள் வெள்ளையாக இருந்தால், வெள்ளை மார்க்கரால் மூடியின் ஓரத்தில் அன்றைய தேதியை எழுதி, உரிமையாளரை வரச் சொல்லி போன் செய்கிறேன்.